அட்டையில் இருந்த வாசகி

பிளம்பருக்கு எழுத வரும் என்று யாரும் நினைத்ததில்லை. அதுவரை அவர் எழுதியதெல்லாம் கடைச் சுவரில் ‘இங்கே சாய்ந்து நிற்காதீர்’ என்பது ஒன்றுதான். ஐம்பத்தெட்டு வயதில் முட்டி மடங்க மறுத்ததும், வாடிக்கையாளர்களுக்குப் போனிலேயே குழாய் ரிப்பேருக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் பெண் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், அதையெல்லாம் குறிப்பாக எழுதிப் போட இணையத்தில் அவருக்கென்று ஒரு பக்கமே திறந்து கொடுத்துவிட்டாள்.

“அண்ணே, ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. எல்லாருக்கும் எழுதுறேன்னு கிளம்புனா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. யாருக்கு எழுதுறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. வயசென்ன, எங்க இருக்காங்க, என்ன கஷ்டம், எல்லாத்தையும் எழுதி கண்ணு முன்னால ஒட்டி வைங்க.”

அவர் வாஷர் பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதி ஒட்டினார்: ‘பெண். வயது இருபத்தாறு. வெளியூரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். இடது கைக்காரி. குழாய் ஒழுகினால் அப்பாவைக் கூப்பிட மாட்டாள்.’

“யாருண்ணே இது?”

“சும்மா, ஒரு உத்தேசமாத்தான்மா.”

உத்தேசமாவது ஒன்றாவது! அது அவர் பெற்ற மகள். நாலு வருஷமாக அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறாள். ‘அப்பா நல்லா இருக்காரா’ என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

இந்த மனுஷனுக்கு அந்த நாளில் மூக்குக்கு மேல் கோபம். ஆறு வயசுப் பிள்ளை இடது கையில் பென்சில் பிடித்ததற்கு, மர ஸ்கேலால் விரல் முட்டியிலேயே போட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷம் முழுக்க. மகள் வலது கையில் எழுதப் பழகிய அன்று ஜெயித்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டார். எழுத்து மட்டும்தான் மாறியது, மற்ற வேலைக்கெல்லாம் இடது கைதான் என்பது அவர் கணக்கு.

அதனால் ஒவ்வொரு குறிப்பையும் இடது கைக்கே எழுதினார். எழுதுவதற்கு முன் தானே இடது கையில் செய்து பார்த்தார். ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. படிக்கிறவர்கள் சும்மா விடுவார்களா? ‘ஐயா, எல்லாம் தலைகீழா இருக்கு, கழுத்து சுளுக்குது’ என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும், தானும் இடது கைக்காரர் என்று நன்றி சொல்லியிருந்தார். மகளோ என்று பேரைப் பார்த்தால் ஆண்பிள்ளை. அன்றைக்கு பிளம்பர் சாப்பிடவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டபோதும் அவர் அட்டையை மாற்றவில்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மகள் வந்தாள். மூன்றாம் நாள் காலை சமையலறைக் குழாய் சொட்டியது. அவள் பாட்டுக்கு வால்வை மூடிவிட்டுக் குனிந்தாள். அவர் அவசரமாக நொண்டிப்போய் ஸ்பானரை அவளுக்கு இடது பக்கமாக வைத்துவிட்டு, அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் அதை எடுத்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு திருகினாள்.

“உனக்கு இடது கைதானேம்மா வாட்டம்?”

“சின்னதுல அப்படித்தான்பா. அதான் நீங்க அடிச்சே மாத்திட்டீங்களே.” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். “நீங்க எழுதுறதா அம்மா லிங்க் அனுப்புனாங்க. ரெண்டு மூணு பார்த்தேன். எல்லாம் இடது கைக்காரங்களுக்குன்னு போட்டிருந்துச்சா, சரி, நமக்கில்லபோலன்னு விட்டுட்டேன்.”

அவர் உரிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் கடையைத் திறந்ததும் அட்டையை எடுத்தார். ‘இடது கைக்காரி’ என்பதைப் பேனாவால் அடித்தார். அந்த இடத்தில் அவளைப் பற்றி வேறு ஏதாவது எழுத வேண்டும். அவளுக்கு என்ன பிடிக்கும், யார் சிநேகிதம், எதற்குச் சிரிப்பாள்? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தார். அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது, அடித்துப்போட்ட அந்த ஒன்றுதான்.