நெடுந்தீவில் ஐந்தாவது மதில்

எங்கள் கந்தோரில் பகிடி விடுவது என் பொறுப்பு. யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகத்தில் அப்படி ஒரு பதவி இல்லை, யாரும் கடிதம் தந்து நியமிக்கவும் இல்லை. ஆனாலும் பத்து வருடமாக அந்த வேலையை லீவு போடாமல் பார்த்து வந்தேன். பகிடி விடுகிறவனுக்குப் பயம் கிடையாது என்று சனம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நானும் கெடுக்கவில்லை. உண்மையில் பல்லி முதல் எங்கள் மேலதிகாரி பிரதம லிகிதர் வரைக்கும் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். மற்றவர்கள் சிரிக்கிற நேரத்தில் வாசல் எந்தப் பக்கம் என்று நான் பார்த்துவைப்பதை யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, எட்டுப் பேராக நெடுந்தீவுக்குச் சுற்றுலா போனோம். எல்லோரும் போகிற மாதிரிக் கோட்டையைப் பார்த்து, பெயர்போன அந்தப் பருத்த பெருக்க மரத்தைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்புவதில் பிரதம லிகிதருக்கு விருப்பமில்லை. தீவின் தெற்கே ஆள் குடியில்லாத வெட்டவெளி, கூரை போன வீடுகள், கேட்பாரில்லாமல் திரியும் மட்டக்குதிரைகள், இவற்றையெல்லாம் பாதை இல்லாத இடத்தால் உழவு மெசினில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். மெசின் வைத்திருந்த ஒரு தீவுக்காரருக்குக் கடிதம் எழுதி, வழிகாட்டியாகவும் அவரையே ஒழுங்கு செய்தார்.

எட்டுப் பேரில் ஒருத்தி எங்கள் தட்டெழுத்தாளர். வேலணைப் பெட்டை, இருபத்திரண்டு வயது. கொழும்பில் மூன்று மாதச் சுருக்கெழுத்துப் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். தகப்பன் விடமாட்டேன் என்று நின்றார். புகையிலைத் தோட்டக்காரர், ஒரு சொல்லைச் சொன்னால் அதை ஆழமாகக் கிண்டி நட்டுவிடுகிற ஆள். அவரை நான் பேசி வழிக்குக் கொண்டுவருவேன் என்று கந்தோரில் வீரம் பேசிவிட்டு, முதல் படியாகச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்க வேலணைக்குப் போனேன். அவர் படலையைத் திறக்காமலே கதைத்தார்.

"எத்தினை மணிக்குத் திரும்புவியள்?"

"பொழுதுபட முன்னம், ஐயா. நானே கொண்டுவந்து இந்தப் படலையடியில விடுவன்."

"நீர் ஆர்?"

"பிள்ளையோட வேலை செய்யிறனான்."

"அது தெரியும். எப்பிடிப்பட்ட ஆள் எண்டு கேக்கிறன்."

இந்தக் கேள்விக்கு என் மனைவியே இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. "நம்பலாம், ஐயா" என்றேன்.

அவர் என்னைக் கால் முதல் தலை வரைக்கும் பார்த்தார். "சரி. சொன்ன நேரத்துக்குப் பிள்ளை வந்தா கொழும்பைப் பற்றிக் கதைப்பம். வராட்டில் கொழும்பும் இல்லை, கந்தோரும் இல்லை. அதோட சரி."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை கந்தோரில், "கிழவனை ஒரே கதையில மடக்கிப்போட்டன்" என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினோம். நடுக்கடலில் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். நான் மட்டும் எடுக்கவில்லை. பயத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாததுதான் காரணம் என்று அப்போது சொல்லவில்லை. நெடுந்தீவுத் துறையில் வழிகாட்டி தன் உழவு மெசினோடும் பின்னால் கொளுவிய பெட்டியோடும் நின்றார். ஐம்பது வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாய். ஒரு சொல்லுக்கு மேல் தேவைப்படாத இடத்தில் அரைச் சொல்லோடு நிறுத்துகிறவர்.

"கடைசி வள்ளம் மூண்டு மணி" என்றார். "அது நிக்காது."

பெட்டிக்குள் வைக்கோல் போட்டிருந்தது. அந்த வைக்கோல் எங்களுக்காகப் போட்டதா, எங்களுக்கு முன்னர் போன மாட்டுக்காகப் போட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை. முருகைக்கல் நிலத்தில் மெசின் ஏறி இறங்கும்போதெல்லாம் நாங்களும் ஏறினோம், ஆனால் சற்றுப் பிந்தி இறங்கினோம். பிரதம லிகிதர் ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் தன் கட்டுப்பல்லையும் பிடித்துக்கொண்டு ரசித்தார்.

பனைக்கூடல் முடிந்து வெளி தொடங்கியது. புல் காய்ந்து மண் நிறமாகவும் மண் வெந்து சாம்பல் நிறமாகவும் கிடந்தன. ஒரு இடத்தில் வரிசையாகத் தூண்கள் மட்டும் நின்றன.

"ஒல்லாந்தன்ர லாயம்" என்றார் வழிகாட்டி.

"இதில என்ன விசேஷம்?" என்று பிரதம லிகிதர் கொப்பியை விரித்தார்.

வழிகாட்டி யோசித்தார். "நிழல் இல்லை" என்றார்.

அதற்கப்பால் கைவிட்டுப்போன வீடுகள். ஒரு வீட்டில் அம்மி மட்டும் முற்றத்தில் கிடந்தது. குசினிச் சுவர் நின்றது, குசினி இல்லை. வாசல் நிலை நின்றது, கதவு இல்லை. நாங்கள் மரியாதையாக அந்த வாசலால் உள்ளே போய், சுவரில்லாத பக்கத்தால் வெளியே வந்தோம். தண்ணி உவரானதும் சனம் எழும்பி மற்றப் பக்கம் போய்விட்டதாம். உள்ளே பாம்பு இருக்குமோ என்று ஒருவர் கேட்டார். "பாம்புக்கும் தண்ணி வேணுமே" என்றார் வழிகாட்டி. நான் பலத்துச் சிரித்தேன். பிறகு ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைத்தேன்.

இனி மதில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே காணிக்குக் காணி முருகைக்கல்லால் இடுப்பளவு மதில். சாந்து கிடையாது, கல்லின்மேல் கல். ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு. அந்தப் பக்கத்து மதில்களில் படலையும் கிடையாது. மெசினோ வண்டிலோ போக வேண்டுமென்றால் கல்லை இறக்கி வழிவிட்டு, போன பிறகு அதே ஒழுங்கில் திருப்பி ஏற்ற வேண்டும். யாருடைய காணியாலும் போகலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. திறந்தவன் அடைத்துவிட்டுப் போனால் சரி. ஊருக்கே அது ஒன்றுதான் சட்டம்.

வழிகாட்டி இதைப் பதில் கடிதத்தில் எழுதியிருந்தார், நாங்கள் கடக்க வேண்டியது எட்டு மதில் என்றும். பிரதம லிகிதர் சும்மா இருப்பாரா? எட்டு மதில், எட்டுப் பேர். உடனே ஒரு கடமைப் பட்டியல் தயாரித்தார். மதில் இலக்கம், பொறுப்பானவர், அடைக்கப்பட்டதா, குறிப்பு. மூன்று பிரதி. ஒவ்வொரு மதிலும் அடைத்த பிறகு பொறுப்பானவர் வந்து வாய்மூலம் அறிவிக்க, அவர் கொப்பியில் சரி போட்டுக் கையொப்பம் வைப்பார். உலகத்தில் எந்தக் கூட்டமாவது கல்லைக் கல்லின்மேல் வைப்பதற்கு இப்படி ஒரு கோப்புத் திறந்திருக்குமோ தெரியாது.

ஐந்தாவது மதில் என்னுடையது.

மற்றவர்கள் பெட்டியில் ஏறி, தூரத்தில் நின்ற ஒற்றைப் பூவரசுக்குக் கீழே போய்விட்டார்கள். நான் தனியே. முதல் வரிசை வைத்தேன். இரண்டாம் வரிசை வைத்தேன். மூன்றாம் வரிசைக்குக் குனிந்து நிமிர்ந்தபோது, மதிலுக்கு மேலாக ஒரு குதிரை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மட்டக்குதிரைதான். என் நெஞ்சளவு வரும். ஆனால் அதன் பல்லுக்கு அந்த அளவு தெரியவில்லை. மேல் உதட்டைத் தூக்கி முழுவதையும் காட்டியது. நான் "போ" என்றேன். அது ஒரு அடி முன்னால் வைத்தது. "போங்கோ" என்றேன். அதற்கும் வந்தது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். தெரியாத இரண்டையும் கூப்பிட்டிருப்பேன். மிச்சக் கல்லை அப்படியே விட்டு, பக்கத்தில் கிடந்த காவோலை ஒன்றை இழுத்து இடைவெளிக்குக் குறுக்கே போட்டேன். பிறகு நடந்தேன். ஓடினால் துரத்தும் என்று கேள்விப்பட்டதால், ஓடுகிற வேகத்தில் நடந்தேன்.

"அடைச்சாச்சோ?" என்றார் பிரதம லிகிதர்.

"ஒல்லாந்தன் வந்தாலும் பிரிக்க ஏலாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சரி போட்டார்.

மிச்சம் மூன்று மதிலும் கடந்து, வெளியைச் சுற்றித் துறைக்குப் போகிற பாதையில் ஏறியபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. அங்கே ஒரு பெண் நடுப்பாதையில் நின்று கையை நீட்டினாள். நாற்பது வயது இருக்கும். நாங்கள் சுற்றி வந்த தூரத்தை அவள் குறுக்கால் நடந்து முடித்திருந்தாள். முகம் மூச்சிரைப்பிலும் கோபத்திலும் சிவந்திருந்தது.

"ஆரடா என்ர மதிலை ஓலையால அடைச்சது?"

வழிகாட்டி மெசினை நிறுத்தினார். பிரதம லிகிதர் எழுந்து நின்று கொப்பியைத் திறந்தார். "அம்மா, பதற வேண்டாம். எட்டு மதிலும் அடைச்சதெண்டு இதில பதிஞ்சிருக்கு. இஞ்ச பாருங்கோ, கையொப்பம்."

"என்ர மாட்டுக்கு வாசிக்கத் தெரியாது!" என்றாள் அவள். "ஆறும் ஓலையைத் திண்டுபோட்டு வெளிக்கிட்டிட்டுதுகள். பத்தடி மதில் சரிஞ்சு போய்க் கிடக்கு. இப்ப பக்கத்துக் காணிக் குரக்கன் பயிருக்குள்ள நிக்குதுகள். அந்தாளோட எனக்கு மூண்டு வருசமாக் கதை இல்லை. இப்ப நான் எந்த முகத்தோட போய் மாட்டைக் கேக்கிறது?"

நான் ஆகாயத்தில் ஏதோ பறவையைத் தேடினேன்.

தட்டெழுத்தாளர் என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணை, காவோலை போட்டது அஞ்சாவதிலதான். மரத்தடியால மெசின் வெளிக்கிடேக்க திரும்பிப் பாத்துக் கண்டனான். அஞ்சாவது உங்கட முறை. பட்டியலை நான்தானே டைப் அடிச்சனான்."

"இல்லைப் பிள்ளை, அது…"

"மதிலடியில நிண்ட குதிரையோ?"

ஆமென்று தலையாட்டினேன். பெட்டிக்குள் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்.

வழிகாட்டி சிரிக்கவில்லை. "சரிஞ்ச மதில் அடைக்காமல் நான் மெசினை எடுக்கேலாது" என்றார். "இந்த ஊரில இருக்கிறவன் நான்."

பிரதம லிகிதர் எல்லோருமாகப் போய் அடைக்கலாம் என்றார். வழிகாட்டி வெயிலைப் பார்த்தார். போய், அடைத்து, திரும்பினால் ஐந்து மணியாகும் என்றார். மூன்று மணி வள்ளம் போய்விடும். அதன் பிறகு விடியும் வரைக்கும் வள்ளமில்லை. நான் தட்டெழுத்தாளப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவுமில்லை, என்னை ஏசவுமில்லை. மடியில் இருந்த கைலேஞ்சியை மட்டும் மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். கொழும்பும் கந்தோரும் அந்தக் கைலேஞ்சிக்குள் இருந்தன. அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்.

"அண்ணை," என்று வழிகாட்டியைக் கேட்டேன், "நான் ஒராள் நிண்டு அடைச்சாக் காணுமோ?"

அவர் மதிலுக்குச் சொந்தக்காரியைப் பார்த்தார். அவள் என் கையைப் பார்த்தாள். "விடியுமட்டும் அடைப்பார்" என்றாள். "பரவாயில்லை, இறங்கட்டும்."

வீரமாக இறங்கினேன் என்று எழுத ஆசை. உண்மையில் பெட்டி விளிம்பை நான் விடாததால் அந்த மாட்டுக்காரிதான் சட்டையைப் பிடித்து இறக்கினாள்.

"பிள்ளை," என்றேன் கீழே நின்றபடி, "அப்பா கேட்டா எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லும்."

"பொய் ஏலாது, அண்ணை. அப்பா ரெண்டு கேள்வியில பிடிச்சிடுவார். உள்ளதைத்தான் சொல்லுவன்."

"குதிரையையுமோ?"

"அதை முதல்ல சொல்லுவன்."

மெசின் துறைப் பக்கம் போனது. புழுதி அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் முழுக்க நான் கல் வைத்தேன், மாட்டுக்காரி பிரித்தாள். "பெரிசு கீழ." "மூக்கை உள்ளுக்கு வை." "இதென்ன, புத்தகம் அடுக்கிற மாதிரி?" இடையில் பக்கத்துக் காணிக்காரர் ஆறு மாட்டையும் தானே சாய்த்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பிறகு அவர் நான் அடைத்த இடத்தைப் பார்த்து, "இது ஆர் கட்டினது?" என்று அவளிடம் கேட்டார். "யாழ்ப்பாணத்துக் கந்தோர்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மூன்று வருடக் கோபம் என் மதிலில் தட்டுப்பட்டு உடைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

குதிரையும் வந்தது. நான் ஒரே பாய்ச்சலில் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இதுக்கோ?" என்றாள். "ஒவ்வொரு நாளும் தண்ணிக்கு வாறது. நாங்கள் வாளியில வைக்கிறனாங்கள். பல்லைக் காட்டினா, தண்ணி வை எண்டு அர்த்தம்."

அன்று அவள் வீட்டில் குரக்கன் பிட்டும் மீன் குழம்பும் தந்தார்கள். படுக்கப் பாயும் தந்தார்கள்.

மறுநாள் காலை வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து பஸ் ஏறினேன். பத்து விரலிலும் கல்லுக் கீறல். வேலணையில் பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. வெளியே, ஒற்றைக் கையைத் தூக்கி பஸ்ஸை மறித்தபடி, அந்தத் தகப்பன் நின்றார். ஒவ்வொரு யன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்து என் யன்னலில் நின்றார். நான் இருக்கைக்குள் எவ்வளவு சுருங்கலாமோ அவ்வளவும் சுருங்கினேன்.

"தம்பி, நீர்தானே கொண்டுவந்து விடுவன் எண்டனீர்?"

"ஓம் ஐயா… அது வந்து…"

"பிள்ளை அஞ்சரைக்கு வந்திட்டுது. கூட வந்த பெண்டுகள் ரெண்டு பேர் படலை மட்டும் வந்து விட்டவை. நீர் வரேல்லை."

"இல்லை, ஐயா."

"குதிரை கடிச்சதோ?"

பஸ் முழுவதும் திரும்பியது. "இல்லை, ஐயா" என்றேன்.

அவர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடத்துநர் மணி அடிக்கத் துணியவில்லை.

"எல்லாத்தையும் ஒளிக்காமல் சொன்னது பிள்ளை. மதில், ஓலை, நீர் இறங்கினது, எல்லாம். தன்ர தலையில பொறுப்பு வந்தா அது நிதானமா நடந்துகொள்ளும் எண்டு நேற்றுத்தான் எனக்கு விளங்கிச்சுது. கொழும்புக்கு விடுறன்."

நான் யன்னலால் தலையை நீட்டினேன். "பெரிய உபகாரம், ஐயா. வேணுமெண்டா நானே கொழும்பு மட்டும் கூட்டிக்கொண்டு போய்…"

"வேண்டாம்!" என்றார் அவர். பஸ்ஸின் மறுபக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துவிட்டார். "அவள் தனியப் போவாள். நீர் பேசாமல் வீட்டை போம்."

கையை இறக்கினார். பஸ் புறப்பட்டது. அடுத்த மாதம் அவள் கொழும்புக்குப் போனாள், தனியாக, ஒரு சூட்கேசோடு. அன்று நான் இருந்த பஸ் யாழ்ப்பாணம் போய்ச் சேரும் வரைக்கும் என் முன்னால் இருந்த கிழவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். பண்ணைப் பாலத்தில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"உண்மையா ஒரு இடத்திலையும் கடிக்கேல்லையோ தம்பி?" என்றார்.