எலி மருந்து ஒழிக

எலிக்குச் சோறு போட்டவரின் மகள் என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்தார்கள். ஆமாம், போட்டார். அதற்கென்ன இப்போது? நாய்க்குப் போட்டால் புண்ணியம், காக்கைக்குப் போட்டால் முன்னோர் கடன், எலிக்குப் போட்டால் மட்டும் பைத்தியமா? அன்றைக்கும் இதைத்தான் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

எங்கள் நைனாவும் அவருடைய அண்ணனான பெரியப்பாவும் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர்கள். சுரங்கத்தை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது மற்றவர்கள் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். இவர்கள் இருவரும் போகவில்லை. பங்காருபேட்டையைத் தாண்டிக் கொஞ்சம் காய்ந்த நிலத்தைக் கூட்டாக வாங்கி, போர்வெல் போட்டு, பாமாயில் மரம் வைத்தார்கள். கன்று கொடுத்த கம்பெனியே பழக்குலையையும் வாங்கிக்கொள்ளும் என்று சொன்னதால், எதைப் பயிர் செய்வது என்று யோசிக்கத் தெரியாதவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

சுரங்கக்காரன் தோட்டம் வைத்தால் அது சுரங்கம் மாதிரியேதான் இருக்கும். மர வரிசைக்கு எங்கள் வீட்டில் 'லெவல்' என்று பெயர். தண்ணீர் விடுவது பஸ்ட் ஷிப்ட், குலை வெட்டுவது செகண்ட் ஷிப்ட். தரை எங்கும் சமமாகக் கிடந்தாலும் பெரியப்பா தோட்டத்துக்குள் 'இறங்கினார்' என்றுதான் சொல்லுவோம். அதுவும் பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்.

குலை வெட்டும்போது கூடவே மட்டையையும் வெட்ட வேண்டும். மற்ற தோட்டங்களில் அதை வரிசைக்கு நடுவே பரப்பிப் போடுவார்கள், இல்லாவிட்டால் கொளுத்திவிடுவார்கள். நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. சுரங்கத்தில் தலைக்கு மேலே உள்ள பாறை இறங்காமல் இருக்க, மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தாங்கு கொடுத்தவர் அவர். மட்டைகளையும் அப்படியே ஆள் உயரத்துக்கு அடுக்கினார். மேலே தாங்க ஆகாயத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். அடுக்குக்குள் அறை அறையாக இடம் விழ, சுற்று வட்டாரத்து எலிகளெல்லாம் குடும்பத்தோடு வந்து குடியேறின. மத்தியானம் கேரியரைத் திறந்ததும் முதல் பிடி சோற்றை அடுக்கின் வாசலில் வைத்துவிட்டுத்தான் நைனா சாப்பிடுவார். பூமிக்குக் கீழேயும் அப்படித்தான் வைத்தாராம்.

எலி மட்டுமா வந்தது? அடுக்கைச் சுற்றிக் களை எடுக்க முடியாமல் புல்லும் உண்ணிச்செடியும் மண்டின. மரத்தின் செதில்களில் தானாகப் பெரணி முளைத்தது. கீரி வந்தது, சாரைப்பாம்பு வந்தது, காடையும் கௌதாரியும் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு வந்தன. எனக்கு அவற்றிலும் ஷிப்ட் உண்டு. மைனாவும் அணிலும் பகல் ஷிப்ட். பொழுது சாய்ந்தால் முயலும் முள்ளம்பன்றியும். பழம் தின்ன வரும் மரநாய்க்கு நைட் ஷிப்ட். பக்கத்துத் தோட்டக்காரர் தன் தோட்டத்தைக் கல்யாண வீட்டு வாசல் மாதிரி பெருக்கி வைத்திருப்பார். அங்கே போய் நின்றால் மோட்டார் ஓடும் சத்தம் ஒன்றுதான் கேட்கும். அதைத்தான் எல்லாரும் தோட்டம் என்றார்கள், எங்களுடையதைக் குப்பை என்றார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு வருடம் எலி கைவரிசையைக் காட்டிவிட்டது. லாரிக்காரர்கள் குலைகளைப் புரட்டிப் பார்த்துக் கொறித்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார்கள். ஒதுக்கியதுதான் அதிகமாக இருந்தது. கம்பெனியின் பீல்டு ஆபீசர் பைக்கில் வந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "இது தோட்டானா, காடா ஸ்வாமி?" என்று கன்னடத்தில் கேட்டார். அடுக்கைக் கொளுத்தி, களையை மழித்து, மரத்துக்கு மரம் எலி மருந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியப்பா அன்றைக்கே முடிவு சொன்னார். "இன்னொரு வெட்டும் எலிக்கே போச்சுன்னா நான் வுட்டுடறேன்பா. என் பங்க மனை போடற லே-அவுட்காரனுக்கு குடுத்துட்டு நிம்மதியா கெடக்கறேன்."

போரும் மோட்டார் ரூமும் அவர் பங்கில்தான் இருந்தன. அது போனால் தண்ணீர் போச்சு, தண்ணீர் போனால் மொத்தத் தோட்டமும் போச்சு. எனக்கே அது புரிந்தது.

"எலி மருந்து மட்டும் வேணாம்ணா," என்றார் நைனா.

"கீழ இருந்த பழக்கம் கீழயே போச்சுடா. இது மேல."

"கீழ சோறு போட்ட கை, மேல வந்து வெஷம் வெக்காது."

"அப்போ தோட்டம் போவட்டுமா?"

நைனா, "அன்னிக்கு நீ யார் பின்னாடி ஓடின?" என்றார்.

"உன் பின்னாடிதான்."

"நான் யார் பின்னாடி ஓடினேன்?"

பெரியப்பா விருட்டென்று எழுந்து போய்விட்டார். சின்ன வயதில் ஏதோ ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள், நைனா இரண்டாவது வந்திருக்கிறார், அண்ணனைத் தோற்கடித்ததைச் சொல்லிக் காட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாறை வெடித்து இறங்கப் போவது மனிதனுக்கு முன்னால் எலிக்குத் தெரியும், எலி ஓடினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓட வேண்டும், அப்படி ஓடித்தான் ஒரு நாள் இருவரும் உயிர் பிழைத்தார்கள் என்பதெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஆனாலும் பெரியப்பா மனசு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்துப் பையோடு வந்தார். நைனா தோட்டத்துக்குள் அடுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அண்ணன் கையைப் பிடித்துத் தடுக்க அவரால் ஆகாது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மருந்தைத் தின்ற எலியைக் கீரி தின்னும், பாம்பு தின்னும், என் ஷிப்டுகள் மொத்தமும் செத்து விழும். சுரங்கத்தை மூடியபோது கேட்டுக்கு எதிரே எங்கள் ஊரே போராட்டத்தில் உட்கார்ந்ததை நைனாவின் தோளில் இருந்தபடி பார்த்தவள் நான். நைனாவின் சிவப்புத் துண்டை எடுத்து ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு தோட்டத்துப் படலுக்குக் குறுக்கே சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"எலி மருந்து ஒழிக! ஒழிக ஒழிக!"

பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர் பழைய யூனியன்காரர். உட்கார்ந்திருக்கும் ஆளைத் தாண்டி உள்ளே போனவன் அண்ணன் தம்பியாக இருந்தாலும் அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதவர். படலுக்கு முன்னால் அவர் ஒரு பூட்ஸைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"எழுந்திரு கண்ணு. பெரிப்பாவ கேலி பண்ணாத."

"ஒழிக!"

அதற்குள் அம்மா வந்தாள். எலியைச் சொல்லி வாரம் முழுக்க நைனாவைத் திட்டித் தீர்த்தவள் அவள்தான். என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று பயந்தேன். வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். புருஷனின் அண்ணனிடம் அவள் நேராகப் பேச மாட்டாள்.

"கண்ணு, உங்க பெரிப்பாகிட்ட சொல்லு. வெசம் வெச்ச தோட்டத்துல நான் பொழங்க மாட்டேன். வேணும்னா என்ன தாண்டிப் போவட்டும்."

"அடிப்பாவிங்களா," என்றார் பெரியப்பா. பையைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு, பழக்க தோஷம், தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சரி. உங்க கோரிக்கை இன்னா?"

அடுத்த வெட்டு வரைக்கும் மருந்து இல்லை என்று ஒப்பந்தம் ஆனது. அந்த வெட்டில் பாதிக்கு மேல் எலி கொறித்திருந்தால் மருந்தும் இல்லை, பேச்சும் இல்லை, நேராக லே-அவுட்தான். நான் தலையாட்டினேன்.

அந்தப் பருவத்தில்தான் மோட்டார் ரூம் பரணில் வெள்ளை மூஞ்சி ஆந்தை ஒன்று ஜோடியோடு வந்து தங்கியது. குடும்பத்துக்கு ஆகாது, விரட்டு என்றார்கள். நான் விரட்டவில்லை. எலிக்கே உட்கார்ந்தவள் ஆந்தைக்கு எழுந்திருப்பேனா?

வெட்டு நாள் வந்தது. பெரியப்பா ஒவ்வொரு குலையையும் தானே புரட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கடித்திருந்ததே தவிர, ஒதுக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆபீசர் அசந்து போனார். மோட்டார் ரூமை எட்டிப் பார்த்தவர், ஆந்தையும் பாம்பும் வைத்து எலியை ஒழித்த சாமர்த்தியசாலி என்று நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நைனா கையை உருவிக்கொண்டார். "நான் எதுவும் ஒழிக்கல சார்," என்றார். குரலில் அப்படி ஒரு கடுப்பு. பெரியப்பா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். லே-அவுட் பேச்சு அத்தோடு நின்றது.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மோட்டார் ரூம் தரையில் ஆந்தை கக்கிய உருண்டைகள் கிடக்கும். ஒன்றைப் பிய்த்தால் மயிரும் எலும்பும், நடுவே பல்லோடு ஒரு குட்டி மண்டை ஓடும் இருந்தது. மத்தியானம் நைனா கேரியரைத் திறக்கும் நேரம் பார்த்து அதை ஓடிப்போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பாத்தியா நைனா! மருந்தே இல்லாம ஆந்தையே எல்லாத்தையும் புடிச்சிடுச்சு. நாம ஜெயிச்சுட்டோம்!"

அவர் அந்த மண்டை ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வெச்சு புடிக்குது?"

"நீ சோறு வெக்கிற எடத்துலதான். இருட்டினதும் எலி அங்கதான் வரும்னு அதுக்கு தெரியும். மேல மட்டையில ரெடியா குந்திக்கினு கீது."

நைனா மண்டை ஓட்டை அடுக்கின் ஓரமாக மண்ணில் வைத்து மூடினார். பிறகு ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு, மண்டியிட்டு, தோள்பட்டை வரைக்கும் கையை அடுக்குக்குள் விட்டு, எட்டின மட்டும் உள்ளே தள்ளி வைத்தார். மட்டை முள் கீறிக் கை முழுக்கக் கோடு கோடாக ரத்தம்.

"இன்னாத்துக்கு நைனா அவ்ளோ உள்ள?"

"வெளிய ஆவாது கண்ணு," என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆந்தையை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. ஜெயித்த நாளில் ஒரு மனிதர் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இப்போது மரங்கள் அண்ணாந்து பார்க்கும் உயரம். பெங்களூரிலிருந்து கேமராவோடு வரும் படித்த பிள்ளைகள், பக்கத்துத் தோட்டத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு எங்கள் தோட்டத்தில் நாள் முழுக்கக் கிடக்கிறார்கள். லே-அவுட்காரர்கள் இன்னும் போன் செய்கிறார்கள். நானும் இன்னும் முடியாது என்கிறேன். அடுக்கு அப்படியேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து குப்பை என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

நைனாவுக்கு நெஞ்சு முழுக்கச் சுரங்கத் தூசி, தோட்டம் வரை வர முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்திலிருந்து திரும்பி வந்ததும் கட்டிலில் இருந்தபடி கேட்பார். மரம் எப்படி, தண்ணீர் எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"உள்ள தள்ளி வெச்சியா?"

கீறிய கையைக் காட்டுவேன். அன்றைக்கு அந்த அடுக்குக்கு முன்னால் குதித்துக்கொண்டு நின்றபோது, நாங்கள் ஜெயித்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நைனாவுக்கு முன்னால் ஓடியவர்கள் அவர் வைத்த சோற்றுக்கு வந்துதான் செத்தார்கள் என்று தெரியவில்லை.