டிரைவர் பக்கம் பதிமூன்று மில்லி

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சிரித்தால் மில்லி அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார். நடந்தது அவருக்கு. பட்டப்பகலில், மதியம் 2.40-க்கு, அவருடைய சொந்தப் பட்டறையில்.

மில்லி என்பது பட்டப்பெயர். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கழற்றி மறுபடி மாட்டுகிற மெக்கானிக். ஜீப்பை அடியில் தாங்கும் கமான் பட்டைகளை எடுத்துவிட்டு, காடு மலை ஏறி இறங்குவதற்காக காயில் ஸ்பிரிங்கும் நீளமான ஷாக் அப்சார்பரும் வைத்துக் கொடுப்பது அவர் தொழில். அதில் அவரை அடிக்க ஆளில்லை என்பார்கள். அப்படி யாராவது சொன்னாலே ஒரு வருடமாக அவருக்கு உடம்பு கூசும்.

காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

போன வருடம் தங்கை கணவரின் ஜீப்புக்கு மூன்று நாள் ஓய்வில்லாமல் வேலை பார்த்தார். ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் பிடியை, அளவு பார்ப்பதற்காக முதலில் மூன்று பொட்டு வெல்டிங்கில் நிறுத்துவது வழக்கம். அளவு சரியானதும் சுற்றிலும் முழுதாக வைக்க வேண்டும். மூன்று பிடிகளுக்கு வைத்தார். நான்காவதற்கு மறந்தார். மேலே கறுப்புப் பெயின்டும் அடித்துவிட்டார்.

மலைச் சரிவில் பிடி பிய்ந்தது. ஷாக்கின் முனை டயரில் குத்தியது. வண்டி உருண்டது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார்.

சேதி கேட்டு ஓடியபோது, பிய்ந்த பிடியை முதலில் கவனித்தவர் மில்லிதான். யாரும் பார்ப்பதற்குள் கழற்றி, திரும்பும் வழியில் ஆற்றில் வீசினார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னார். மாப்பிள்ளைக்கு எப்போதும் வேகம் ஜாஸ்தி, எத்தனை சொல்லியும் கேட்கவில்லை என்று. தங்கையிடமும் அதைத்தான் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று மதியம் பட்டறையில் நின்றது ஒரு டாக்டரம்மாவின் ஜீப். நான்கு ஷாக்கும் மாட்டியாகிவிட்டது. வண்டி நிற்கும் உயரம் பார்க்க வேண்டும். ஷாக்குக்கு மேலே அமுங்கவும் கீழே தொங்கவும் இடம் இருக்கிறதா என்பது அதில் தெரியும். வெல்டர் சாப்பிடப் போயிருந்தார். தெருவில் ஈ காக்கை இல்லை.

சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடித்தார். இடது பக்கம் 540. டிரைவர் பக்கமும் 540 மில்லி. சாக்பீஸால் எழுதினார்.

டேப்பைச் சுருட்டும்போது கேட்டது.

ஸ்ஸ்ஸ்...

ஷாக்குக்குள் எண்ணெய் நகரும் சத்தம். யாராவது ஏறி உட்கார்ந்தால் வருவது. கதவு திறக்கவில்லை. அவர் வண்டியைத் தொடவும் இல்லை.

மறுபடி அளந்தார். இடது பக்கம் 540.

டிரைவர் பக்கம் 527.

ஷாக்கில் கசிவோ என்று குனிந்து தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கினார். இறக்கினார். அந்தப் பக்கம் மட்டும் ஜாக்கி கனத்தது.

527.

மணி 2.46. சீட்டைப் பார்த்தார். காலி. ஆனால் புது ரெக்சின் உறை... நடுவில் குழிந்திருந்தது.

பார்க்கப் பார்க்கக் குழி லேசாக நகர்ந்தது. சாய்ந்து உட்காருகிற மாதிரி.

ஓடத்தான் நினைத்தார். ஓடி எங்கே போவது?

"மாப்ள..." குரல் காற்றாகத்தான் வந்தது. "வேகமில்ல. தப்பு என்னுது. வெல்டிங் வைக்க மறந்துட்டேன்."

எதுவும் அசையவில்லை.

"தங்கச்சிகிட்ட சொல்லிடறேன்."

ஸ்ஸ்ஸ்...

குழி மெல்ல நிரம்பியது.

540.

பட்டறையைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கிளம்பினார். தங்கை வேலை பார்க்கும் மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி. கவுன்டருக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கொட்டினார். பிடி, பொட்டு, ஆறு, பொய், இப்போது பார்த்தது. அவள் மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. கடைசி அட்டையை வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"தெரியும்ணே," என்றாள்.

மலைக்குக் கிளம்பிய அன்று காலை கணவர் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தாராம். ஒரு பிடிக்கு வெல்டிங் முழுதாக இல்லை என்று சொல்லி, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாராம். அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று இவள் போனைக் கையில் எடுத்தாளாம்.

"வேணாம்னுட்டாரு. 'மூணு நாளா தூங்காத மனுஷன். இப்ப சொன்னா நொந்துபோயிடுவாரு. போய்ட்டு வந்து நானே பக்குவமா சொல்லிக்கறேன்'னாரு."

அன்று மதியம் வந்து உட்கார்ந்தது கோபமா, வேறு ஏதாவதா... மில்லிக்கு இன்றுவரை தெரியாது. அப்போது அவருக்குக் கேட்க வாய் வந்தது ஒன்றுதான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மலையில பின்னாடி வந்த வண்டிக்காரர் வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரர் நடக்கற வேகத்துலதான் போனாராம். நீங்க எப்போ வந்து சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேண்ணே."