கழுவாத கால்

எங்கள் பங்குக் கோவிலில் பெரிய வியாழன் பூசை என்றாலே எனக்கு ஆத்திரம் வரும். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுகிற நாள் அது. அந்தப் பன்னிரண்டு பேரும் என்ன செய்வார்கள் தெரியுமா? மத்தியானமே குதிகாலைக் கல்லில் தேய்த்து, ஷாம்பு போட்டு, நகம் வெட்டி, எண்ணெய் தடவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். கழுவின காலைச் சாமியார் மறுபடி கழுவுவார். பேசினில் விழுகிற தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

இந்த வருஷம் காலனி சார்பில் அடைக்கலமேரி உட்காரட்டும் என்று எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் பேசி முடித்தோம். அவளைவிட யாருக்கு அந்த நாற்காலி பொருந்தும்? மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அருளப்பன், மழை ஈரத்தில் யாருடைய பம்புசெட்டுக்கோ சுவிட்ச் போடப் போய், கரண்ட் அடித்துச் செத்தான். வாழ்நாளில் குடிக்காத மனுஷனை, குடித்துவிட்டுத் தொட்டான் என்று ஊர் வாய் கூசாமல் சொன்னது. அடுத்த கார்த்திகையில் வீட்டுச் சுவரும் விழுந்தது. துக்கம் கேட்க வந்த கோவில் தெருக்காரர் ஒருவர், "கடவுள் சோதிக்கிறாரும்மா" என்றார்.

"காலனிக்கு மட்டும் ஏன் பரீட்ச வைக்கிறாரு? கோவில் தெருவுக்கு லீவா?" என்று அடைக்கலம் கேட்டாள். வந்தவர் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அவள் ஜெபமே சண்டைதான். வேலை முடிந்து வரும் வழியில் கோவிலுக்குள் நுழைந்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்பாள். "ஆணி அடிச்சவன எல்லாம் மன்னிச்சிட்ட, சரி. அருளப்பனக் குடிகாரன்னு சொன்னவனையும் மன்னிச்சிட்டியா? என்னையக் கேட்டியா?" என்று சத்தம் போடுவாள். இப்படியா சாமியிடம் பேசுவது என்று ஒருநாள் நானே கேட்டேன். "அவரையும் நாலு பேரு நடுவுல நிக்க வச்சுக் காறித் துப்புனாங்கல்ல? எங்கூடப் பேச அவருக்கு என்ன கூச்சம்? அவரு என்னைய ஆளா மதிக்கலன்னா நான் ஏன்டி அவருகூடச் சண்டைக்கு நிக்கிறேன்?" என்றாள். சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுவாள். அந்த மூன்று வருஷத்தை அவள் அப்படித்தான் கடந்தாள்.

புதன்கிழமை நானும் அவளும் கோடை நெல்லில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். வயல் இன்னாசிமுத்துவுடையது. பங்குப் பேரவைச் செயலாளரும் அவர்தான். வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் வந்து நின்றார்.

"அடைக்கலம், காலக் காட்டு."

காட்டினாள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெந்து கிடந்தது. குதிகால் வெடித்திருந்தது.

"தப்பா நெனைக்காத. சாமியாரு புதுசு. எல்லாரும் வீடியோ எடுப்பாங்க. இந்தக் காலுல அவரு எப்படி வாய வச்சு முத்தி செய்வாரு? உங்க தெரு செம்மொழி மன்னார்குடி காலேஜுல படிக்குதுல்ல, அது உக்காரட்டும். உனக்கு அடுத்த வருஷம் பாப்போம்."

அவர் வயலில் வெந்த கால் அது! கையிலிருந்த களையை அவர் வேட்டியில் எறிந்திருப்பேன். அடைக்கலம்தான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வண்டி போன பிறகு, "கழுவுன காலத்தான் கழுவணும்னா ஏசு எதுக்குடி துண்டக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழன் சாயங்காலம் கோவில் நிறைந்துவிட்டது. பீடத்துக்கு முன்னால் போட்ட பன்னிரண்டு நாற்காலியில் கடைசியில் செம்மொழி உட்கார்ந்திருந்தாள். அழுகிற முகம். சாமியார் பிரசங்கத்தை முடித்து, இடுப்பில் துண்டைக் கட்டும்போதுதான் அடைக்கலம் உள்ளே வந்தாள். நல்ல சேலை, வாரிய தலை, கழுவிய முகம். காலை மட்டும் கழுவவில்லை. கணுக்காலுக்கு மேலே வரைக்கும் வயல் சேறு காய்ந்து பொருக்காக இருந்தது. வாய்க்காலைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள். இரண்டு கை அள்ளி ஊற்ற எவ்வளவு நேரமாகும்? வேண்டுமென்றேதான் ஊற்றவில்லை.

நடுவழியில் நேராக நடந்து போனாள். செம்மொழி துள்ளி எழுந்து, "அத்தை, உக்காருங்க" என்றாள். அடைக்கலம் உட்கார்ந்தாள். சாமியாருக்குப் பேசின் பிடிக்கிற வேலை இன்னாசிமுத்துவுக்கு. பூசை நடுவில் வாயைத் திறக்க முடியுமா? முறைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

பதினோரு கால் முடிந்து சாமியார் அவளிடம் வந்தார். வழக்கம்போல வலது காலைக் கழுவினார். அவள் இடது காலையும் நீட்டினாள். "இதுவும் நடக்குதுல்ல சாமி?"

அதையும் கழுவினார். தண்ணீர் கறுத்தது. வெள்ளைத் துண்டில் சேறும் ரத்தமும் ஒட்டின. இனி முத்தம். சாமியார் குனிந்தவர், பாதியில் நின்றுவிட்டார். போன்கள் எல்லாம் உயர்ந்திருந்தன. எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது.

"அவசரமில்ல சாமி. நான் உக்காந்துதான் இருக்கேன்."

சாமியார் கழுத்து மைக்கில் அது கோவில் முழுக்கக் கேட்டது. அவர் முகம் சிவந்தது. குனிந்து இரண்டு காலிலும் முத்தமிட்டார்.

இன்னாசிமுத்து பேசினை வெடுக்கென்று தூக்கினார். சேற்றுத் தண்ணீர் தளும்பி அவர் வெள்ளை வேட்டியில் கொட்டியது. சீ என்று உதறினார்.

"ஏன்யா உதறுறீங்க?" என்றாள் அடைக்கலம். "உங்க வயலுச் சேறுதான்."