மேரியக்காவுக்கு ஒரு பாஸ்

போன மாதம் என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலையில் நர்ஸ் பெண் ஒரு அட்டையும் பேனாவுமாக வந்து, "ஐயாவுக்குக் காத்து பாஸ் ஆச்சுங்களா?" என்று கேட்டாள். அவர் மயக்கம் முழுதாகத் தெளியாத கண்ணோடு என்னைப் பார்த்து, "பாஸு உம் பையிலதான இருக்குது, எடுத்துக் காட்டு" என்றார். அறைக்குள் வந்துபோக ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த அட்டையைச் சொல்கிறார். நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் குனிந்து, வயிற்றுக் காற்று பிரிந்ததா என்று கேட்கிறாள் என அவர் காதில் சொன்னேன். "அதுக்கெல்லாமா பாஸ் வேணும்?" என்றார்.

அவர் கேட்டது தமாஷாக இருந்தாலும், எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. அதற்கும் பாஸ் வாங்கிக்கொண்டு வாழ்ந்தவள் நான்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் நான் வேலை பார்த்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. தொண்ணூறு பெண்களுக்கு இரண்டே இரண்டு மரக்கட்டைகள். உள்ளங்கை அகலத்தில் இருக்கும், மேலே சிவப்புப் பெயிண்டில் பாஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சூப்பர்வைசர் மேஜை ஆணியில் தொங்கும் அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் கக்கூசுக்குப் போக வேண்டும். இரண்டும் வெளியே போயிருந்தால் ஆணியைப் பார்த்தபடி காலை மாற்றி மாற்றி வைத்து நிற்க வேண்டியதுதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வரும் நாளில் மட்டும் கட்டைகள் மாயமாகிவிடும். அன்று ஒருநாள் நாங்கள் சுதந்திரப் பெண்கள். இஷ்டத்துக்குப் போய் வருவோம், தேவை இல்லாவிட்டாலும் போய் வருவோம்.

அந்தக் கம்பெனிக்கு நான் எப்படிப் போனேன் என்பதும் ஒரு பாஸ் கதைதான். பத்தாவதில் நான் பார்டர் பாஸ். கணக்கில் சரியாக முப்பத்தைந்து. அதில் ஒன்றிரண்டாவது திருத்தியவரின் இரக்கம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் எங்கப்பா, "பாஸுன்னா பாஸுதான், அதுல என்ன பார்டரு?" என்று சொல்லி, எங்கள் ஊர் ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார். மிட்டாய் தின்றவர்களில் ஒருவர்தான் என்னைச் செக்கிங்கில் சேர்த்துவிட்டார்.

செக்கிங் என்றால் வெள்ளை மேஜை, மேலே டியூப்லைட். தைத்து வரும் டி-சர்ட்டை விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்க வேண்டும். நல்லதைக் கட்டுக் கட்டி, சீட்டு வைத்து, நீல மையில் வட்டமாக பாஸ் என்று முத்திரை குத்த வேண்டும். பெட்டி மேலும் அதே முத்திரை. அதைக் குத்தும் பொறுப்பு எனக்கு. திறமை என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் அவசரத்தில் தலைகீழாகக் குத்திவிடுவார்கள், எனக்கு எழுத்து தெரியும் என்பதால் நேராகக் குத்துவேன், அவ்வளவுதான்.

இந்த இடத்துக்கு மேனேஜராக ஒருத்தர் வந்தார். கோயம்புத்தூரில் பெரிய படிப்புப் படித்தவர். வந்த முதல் நாளே எங்களை வரிசையாக நிறுத்தி, "சாருன்னு கூப்பிடறதெல்லாம் ஸ்கூலோட போச்சு. என்னை பாஸ்னு கூப்பிடுங்க, ஃப்ரெண்ட்லியா இருக்கும்" என்றார். எங்கள் ஊர் வாய்க்கு மரியாதை ஒட்டாமல் ஒரு சொல் வெளியே வராது. "சரிங்க பாஸுங்க" என்றோம். அவர் முகம் சுருங்கியதை முதல் முறையாக அன்று பார்த்தேன். அந்த பாஸுக்கு வேறு எழுத்து, முத்திரையில் இருக்கும் பாஸுக்கு வேறு எழுத்து என்பதெல்லாம் இங்கிலீஷ்காரன் கவலை. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பாஸ் கொடுப்பவர் பாஸ்.

இனி ஆரோக்கியமேரியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். செக்கிங்கில் அவர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டையை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடம் அதே மேஜையில் நின்றிருக்கிறார். அத்தனை வருடத்தில் வந்த ஒவ்வொரு சூப்பர்வைசர் பையனும் முதல் வாரம் மேரியக்காவிடம் வேலை கற்றுக்கொள்வான், இரண்டாம் வாரம் மேரியக்காவையே அதட்டுவான். ஒருநாள் அவர் மேனேஜரிடம் போய் நேராகவே கேட்டுவிட்டார், தன்னை ஏன் சூப்பர்வைசர் ஆக்கக் கூடாது என்று.

"டென்த் பாஸ் இருக்கணும்மா. ரூல்ஸ்" என்றார் மேனேஜர்.

மேரியக்கா எட்டாவதோடு நின்றவர். அடுத்த மாதம் பத்தாவது பரீட்சைக்குத் தனியாகப் பணம் கட்டிவிட்டார். முதல் தடவையே எல்லாப் பாடமும் தேறிவிட்டது, கணக்கைத் தவிர. இரண்டாம் தடவைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? நானேதான். முப்பத்தைந்து வாங்கிய மேதை. அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் நான் கணக்குப் போடுவேன். அவர் தயிர்சாதம் பிசைந்தபடி பார்ப்பார். டி-சர்ட்டைப் பார்க்கும் அதே கண். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "ஏட்டி, இந்த எடத்துல ஓட்ட விழுந்துருக்கு பாரு" என்பார். பார்த்தால் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டிருப்பேன். போகப் போக யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

கணக்குப் பரீட்சை நாளும் ஒரு பெரிய ஆர்டரின் இன்ஸ்பெக்‌ஷன் நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. மேரியக்கா முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் மேனேஜரே மேஜைக்கு வந்து, "காலைல ஒரு மணி நேரம் மட்டும் வந்துட்டுப் போங்க. ஒம்போது மணிக்குக் கேட் பாஸ் போட்டுத் தர்றேன்" என்றார். மேரியக்கா நம்பி வந்தார். சாப்பாட்டுப் பையில் ஹால் டிக்கெட், ஸ்கேல், காம்பஸ் பெட்டி. ஒன்பது மணிக்குப் பெயர், நேரம், காரணம் எல்லாம் எழுதிய சீட்டோடு மேனேஜர் முன் போய் நின்றார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சிட்டுப் போங்க."

"பரீட்ச பத்து மணிக்கு பாஸ்."

"பரீட்சை அடுத்த வருசமும் வரும். பையர் வருவானா?"

மேரியக்கா மேஜைக்குத் திரும்பி வந்து ஒரு டி-சர்ட்டை எடுத்து விரித்தார். பார்த்தார். மடித்தார். மறுபடி அதையே விரித்தார். மூன்றாவது தடவையும் அதையே விரித்தார். எனக்கு வீரம் கிடையாது, மூட்டைப் பூச்சிக்கே ஒதுங்கிப் போகிறவள். ஆனால் கை அது பாட்டுக்கு, "அந்தச் சீட்டக் குடுங்க்கா" என்று வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நீல முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்திவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கோணலாகக் குத்தினேன்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத?"

"நடங்க்கா."

மரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். கக்கூஸ் கேட்டுக்குப் பக்கம் இருந்தது வசதி. கேட்டில் வயதான வாட்ச்மேன். சீட்டை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, கையெழுத்தக் காணம்?"

"சீல் இருக்குதுங்களே அய்யா" என்றேன்.

"இது பொட்டி மேல குத்தற சீலாச்சே."

"பாஸுன்னுதானுங்க போட்டிருக்குது."

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். பிறகு மேரியக்கா பிடித்திருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். "பரீட்சைங்களா?" என்று கேட்டார். மேரியக்கா தலையை ஆட்டினார்.

"இந்தச் சீல நம்பிப் பொட்டிய சீமைக்கே அனுப்பறாங்க. ஆளு டவுனுக்குத்தான போகுது, போகட்டும்" என்று கதவைத் திறந்துவிட்டார். அத்தோடு விடாமல், துணி ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்குக் கிளம்பிய வண்டியை நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் அவரை ஏற்றியும் விட்டார்.

பதினொரு மணிக்குப் பையரின் இன்ஸ்பெக்டர் வந்தார். சென்னைக்காரர். கூடவே வந்த மேனேஜர் எங்கள் மேஜையைப் பார்த்துத் திடுக்கிட்டு, "மேரி எங்க?" என்றார். யாரோ ஒருத்தி, "பாஸ் வாங்கீட்டுப் போயிட்டாங்க பாஸுங்க" என்றாள்.

"நான் பாஸ் குடுக்கவே இல்லையே!" என்று அவர் கத்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பெட்டிகளை நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றிலும் வட்ட வட்டமாக பாஸ். "நீங்களே பாஸ் குடுக்காத சரக்குக்கு என்னை எதுக்கு சார் வரச் சொன்னீங்க?" என்றார்.

"இல்ல சார், அது வேற பாஸ்" என்று மேனேஜர் விளக்கத் தொடங்கினார். பத்து நிமிடம் விளக்கினார். இன்ஸ்பெக்டர் சந்தேகம் தீராமல், கூடுதலாக நான்கு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். மேரியக்கா முன்பே பார்த்து அனுப்பிய சரக்கு. ஒரு குறை அகப்படவில்லை.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அந்தச் சீட்டை நீட்டினார் மேனேஜர். "நாந்தானுங்க" என்றேன். பொய் சொல்லியும் பயனில்லை, முத்திரை என்னிடம்தானே இருந்தது. அன்றோடு முத்திரை போயிற்று. நான்கு மாதம் நின்றுகொண்டே பிசிர் நூல் வெட்டினேன். வாட்ச்மேனைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். போய்ப் பார்த்து அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "இங்க காத்து நல்லா வருது கண்ணு, போய் வேலையப் பாரு" என்றார்.

ரிசல்ட் வந்தது. மேரியக்கா கணக்கில் எழுபத்தெட்டு. சொல்லிக்கொடுத்தவளின் மார்க்கை யாரும் கேட்கவில்லை, நல்ல ஜனங்கள். சர்டிபிகேட் கைக்கு வந்த அன்று அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"கங்கிராட்ஸ்மா. ஆனா இப்ப ரூல்ஸ் மாறிடுச்சே. பிளஸ் டூ கேக்கறாங்க."

"யாரு கேக்கா?"

மேனேஜர் சர்டிபிகேட்டைத் திருப்பி நீட்டினார்.

"சரி சார்" என்றார் மேரியக்கா. பாஸ் என்று சொல்லவில்லை. அந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு, அவிநாசிபாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் போய்ச் சேர்ந்தார். முதலாளியம்மா ஒரு டி-சர்ட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாராம். மேரியக்கா ஏழு குறை சொன்னாராம். அவ்வளவுதான் இன்டர்வியூ, அன்றே சூப்பர்வைசர். மாதக் கடைசியில் என்னைத் தேடி வந்தார். "ஒனக்குக் கணக்கு வராதுட்டி, ஆனா கை நல்லா வருது. கெளம்பி வா" என்றார். கிளம்பிவிட்டேன். அங்கே கட்டையும் இல்லை, ஆணியும் இல்லை. முதல் நாள் முழுக்க, கேட்காமல் எழுந்து போகலாமா என்று தயங்கித் தயங்கி உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி இப்போது இல்லை. ஷெட்டைப் பிரித்து வீட்டுமனை போட்டுவிட்டார்கள். மேரியக்கா மகனோடு ஊருக்கே போய்விட்டார், கிறிஸ்துமஸுக்குப் போனில் பேசுவோம். வாட்ச்மேன் அய்யா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

சில நாள் முன்பு என் தங்கை மகளை அவள் வேலை செய்யும் புதுக் கம்பெனியில் விடப் போயிருந்தேன். கேட்டில் ஆளே இல்லை. சுவரில் கேமரா வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒவ்வொரு பெண்ணாக முகத்தைக் காட்ட, பச்சை விளக்கு எரிந்து கம்பி விலகியது. முன்னால் நின்ற ஒரிசாப் பெண்ணுக்கு இரண்டு தடவை சிவப்பு எரிந்தது. முந்தானையை விலக்கி, நெற்றி முடியை ஒதுக்கி, மறுபடி காட்டினாள்.

"நடுவுல அவசரமா வெளிய வரோணும்னா யாருகிட்டக் கேப்பீங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"யாருகிட்டயும் கேக்க வேண்டாம் பெரிம்மா. போன்ல காரணத்தப் போட்டு உட்டா, பாஸ் தானா வரும்."

"வராட்டி?"

அவள் பெட்டிக்கு முகத்தைக் காட்டியபடி சொன்னாள். "வராட்டி வராதுங்க."