நானூற்றுப் பதின்மூன்றாவது செய்தி

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நடந்ததை, நடந்த வரிசையில் எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை.

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்கு எண் ஒட்டுவது என் வேலை. ஒட்டியதை இருமுறை சரிபார்க்காமல் கை அடுத்ததைத் தொடாது. வீட்டில் நான் ஒற்றையாள். நான் இருந்த சமூக வலைத்தளத்தில் என்னோடு பேசியதும் ஒருத்திதான்: என் தங்கை. அவள் இறந்து மூன்று வருடமாகிறது. அதன் பிறகு அங்கே எனக்கு மிஞ்சியவை விளம்பரங்களும், முகம் தெரியாதவர்களின் பிறந்தநாள்களும்தான்.

விலகிவிட நினைத்தேன். ஆனால் கணக்கை நீக்கினால் அவள் எழுதியதெல்லாம் போய்விடும். வைத்திருந்தால் தினமும் அவள் பெயரையே வெறித்துக்கொண்டிருப்பேன்.

அதனால் அவள் செய்திகளை எண் போட்டு நோட்டில் எழுதி எடுத்தேன். "சாப்பிட்டியாண்ணா?" "பதில் போடுண்ணா, ஊமைக்கோட்டான் மாதிரி இருக்காத." பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

கடைசி ஞாயிறு, பிற்பகல் 2.40. திரையில் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு.

நோட்டில்... நானூற்றுப் பதின்மூன்று.

எங்கோ தவறிவிட்டேன் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 3.25-க்கு அகப்பட்டது. 268-ஆம் எண். திரையில் அது இல்லை. நோட்டில் இருந்தது. என் கையெழுத்து. என் பேனா.

"அண்ணா, இங்க ஒரே இருட்டு. நீ வந்து பாக்குறப்பதான் கொஞ்சம் வெளிச்சம் வருது."

எழுதிய ஞாபகமே இல்லை.

மின்விசிறி ஓடியது. டக்... டக்... டக்...

என் கணக்கை மூட 'நீக்கு' என்பதை அழுத்தினேன். 'உறுதியா?' என்று கேட்டது.

3.31. அவள் பெயருக்கருகே பச்சைப் புள்ளி.

யாரோ தட்டச்சு செய்யும் மூன்று புள்ளிகள் அசைந்தன...

நின்றன.

மறுபடி அசைந்தன.

எதுவும் வரவில்லை.

தங்கையின் கணவருக்கு ஃபோன் போட்டேன்.

"மாப்ளே, அவ கணக்கை நீங்க திறந்தீங்களா?"

"எதை மச்சான் திறக்கிறது? அவ போய் ஒரு வாரத்துலயே நான் நீக்கிட்டேனே."

"அப்போ... அவ எனக்கு அனுப்புனதெல்லாம்?"

"நீக்கினா ரெண்டு பக்கமும் போயிடும்னு போட்டிருந்துச்சு. உங்ககிட்ட கேட்காம செஞ்சுட்டேனேன்னு இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. உங்களுக்கும் அன்னைக்கே எல்லாம் போயிருக்குமே... மச்சான்?"

திரையில் 'உறுதியா?' இன்னும் காத்திருந்தது. 'இல்லை' என்பதைத் தொட்டேன்.

அன்றிலிருந்து அவள் செய்திகள் இருக்கும் அந்தத் திரையை நான் அணைப்பதில்லை. தூங்கும்போதும்.