பலகைச் சுவரும் சுண்டுவிரலும்

பால்மரம் சீவிவிட்டு வந்ததும் பத்துமலை முதலில் செய்வது, இடக்கை விரல் நுனிகளில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பரை உரிப்பதுதான். உரித்ததைச் சின்ன உருண்டையாக்கி வாசலில் சுண்டிவிடுவான். துளி மிச்சமிருந்தாலும் கித்தார்க் கம்பியில் விரல் வழுக்காது. சுண்டுவிரலை மட்டும் இன்னொரு தரம் தடவிப் பார்ப்பான். சோம்பேறி அதுதான், மற்ற விரல்கள் கம்பியை அமுக்கும்போது அது அந்தரத்தில் நிற்கும்.

சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் தனியாள். ஈப்போ அடகுக்கடையில் வாங்கிய கித்தார்தான் துணை. ஊமைப்படக் கொட்டகையில், படம் ஓடும்போது திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கும் குழுவில் ஓர் இடம் கிடைத்தால் இந்தக் காட்டை விட்டுப் போய்விடலாம். வேறு ஆசை இல்லை.

ஒரு சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தபோது பலகைச் சுவரில் தட்டுச் சத்தம். அடுத்த வீட்டு ராக்காயி. புல்வெட்டுக்குப் போகும் விதவை. சத்தம் அவளுக்குத் தொந்தரவோ என்று கை அப்படியே நின்றது. மறுநாளும் தட்டினாள். போய் என்னவென்று கேட்கலாம்தான். கல்யாணமாகாதவன் அவள் வாசலில் நின்றால் லயமே கதை கட்டும்.

அன்றிலிருந்து மீட்டும் வலக்கைக்கு ஓய்வு. கித்தார் மரத்தில் காதை வைத்துக்கொண்டு, இடக்கை விரல்களால் மட்டும் கம்பியைத் தட்டித் தட்டிப் பழகினான். கித்தார்க் கழுத்தில் குறுக்கே பதித்த பித்தளை மெட்டுக்கு நெருக்கமாக விரலை வைத்தால் பாதிப் பலம் போதும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. சுண்டுவிரலும் வழிக்கு வந்தது.

"என்ன மச்சான், கித்தாருக்குக் காய்ச்சலா? மூச்சையே காணோம்" என்றான், கூட மரம் சீவும் சீனி.

"சும்மா இருலா. பக்கத்து வீட்டு அக்கா ஏசுவாங்க."

"ராக்காயி அக்காவா? அது வாயத் தொறந்தே நான் பாத்ததில்ல."

மழைக்காலம் ஓய்ந்ததும் ஈப்போவில் இருந்த ஊமைப்படக் கொட்டகைக்குப் போனான். குழுத் தலைவர் ஒரு மணிலாக்காரர். வாசிக்கச் சொல்லி, அவனுடைய இடக்கையைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பைக் கேட்டார்.

"ஜாரி பாகுஸ். புன்யி மானா?" என்றார் மலாயில். விரல் அருமை, சத்தம் எங்கே?

கடைசி வரிசைக்கு எட்டும்படி ஓங்கி மீட்டச் சொன்னார். வலக்கை எழவில்லை. அந்தக் கொட்டகைச் சுவருக்கு அப்பாலும் யாரோ உட்கார்ந்திருப்பது போல அது தயங்கிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தவன் கித்தாரை ஆணியில் மாட்டியதோடு சரி.

இரண்டு வருஷம் கழித்து ராக்காயி சித்தியவானுக்குக் குடிபோனாள். மூட்டை தூக்க வந்த அவள் தம்பி சின்னையா பேச்சுவாக்கில் சொன்னான்:

"நீங்கதானா அந்தக் கித்தார் அண்ணே? காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை தின்னு தின்னு அக்காவுக்குக் காது அடைச்சுப்போச்சு. பலகையில காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்குமாம். கேக்கலன்னா, இன்னும் பலமா வாசிக்கச் சொல்லித் தட்டுமாம்."